முதல் கேமரா வாங்கப் போகும் தங்கைக்கும் தம்பிக்கும்

இந்த ஆண்டில் மட்டும் நான்கு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "அக்கா, நல்ல கேமரா ஒண்ணு வாங்கணும். எது வாங்கலாம்?" நான்கு பேரும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துப் பிள்ளைகள். ஒருவர் சட்டம் படிக்கிறார், ஒருவர் பாலிடெக்னிக், இருவர் கலைக் கல்லூரி. நால்வரின் வீட்டிலும் இதற்கு முன் கேமரா என்று ஒரு பொருள் இருந்ததில்லை. அப்பா கையில் இருந்ததில்லை, தாத்தா கையிலும் இருந்ததில்லை. ஆகவே அவர்களுக்கு வழிகாட்ட வீட்டில் ஆள் கிடையாது. கடைக்காரர் சொல்வார், கல்யாண வீட்டு வீடியோகிராபர் சொல்வார், யூடியூபில் யாராவது சொல்வார்கள். அவர்கள் யாரும் தப்பாகச் சொல்லப் போவதில்லை. ஆனால் அவர்கள் மனதில் இருக்கும் வேலை வேறு, நம் வேலை வேறு.

ஆகவே நம் வேலைக்கு எது பொருந்தும் என்று எழுதிவிடலாம் என உட்கார்ந்தேன். நான் தொழில்முறைப் புகைப்படக்காரி அல்ல. பரளச்சிப் பக்கக் கிராமங்களில் களப்பணி செய்பவள். ஆய்வறிக்கைக்கும் மனுவுக்கும் வழக்குக்கும் படம் எடுத்து எடுத்துப் பழகியவள். அந்த அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

போன் போதாதா?

நேர்மையாகச் சொன்னால், பல வேலைகளுக்குப் போன் போதும். இரட்டைக் குவளை இருக்கிறதா, சுடுகாட்டுப் பாதையை முள் வெட்டிப் போட்டு அடைத்திருக்கிறார்களா, குடிநீர்க் குழாய் எந்தத் தெருவோடு நின்றுவிட்டது, இதையெல்லாம் பதிவு செய்யப் போன்தான் சரியான கருவி. சட்டைப் பையில் இருக்கும், எடுத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், உடனே இன்னொருவருக்கு அனுப்பி வைக்கலாம். பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு கோயில் திருவிழாவில் நின்றால், முதல் அடி கேமரா மேலேதான் விழும்.

அப்படியானால் கேமரா எதற்கு? ஒரு இடத்தில் நிற்பதற்கு. ஒரு ஆளோடு ஒரு மணி நேரம் இருப்பதற்கு. ஒரு தெருவை ஐந்து ஆண்டு தொடர்ந்து பார்ப்பதற்கு. போனில் எடுக்கும் படம் அன்றைய செய்திக்கு உதவும். செய்தி முடிந்த பிறகும் ஒரு மனிதரின் முகம் எப்படி இருந்தது, வீட்டுக்குள் வெளிச்சம் எப்படி விழுந்தது என்று சொல்வதற்குக் கொஞ்சம் பெரிய கருவி வேண்டும். வசதி இருப்பவர்களுக்கு இது பொழுதுபோக்காக இருக்கலாம். நமக்கு அப்படி அல்ல. ஏன் என்றால் கேமரா நம் தெருவுக்குள் வந்த கதை வேறு.

முதலில் வந்த கேமரா

எம்.ஏ. சமூகவியல் படித்தபோது எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளைப் புரட்ட வேண்டியிருந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். 1909இல் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1868 முதல் 1875 வரை, இந்திய மக்களைச் சாதிவாரியாகவும் இனவாரியாகவும் படம் பிடித்து எட்டுத் தொகுதிகளாக பிரிட்டிஷ் அரசு வெளியிட்டிருந்தது. மூக்கின் அகலத்தையும் மண்டையின் சுற்றளவையும் அளந்த கைகளே கேமராவையும் பிடித்திருந்தன. படத்தின் கீழே சாதிப் பெயர் இருக்கும். ஆளின் பெயர் பெரும்பாலும் இருக்காது.

தென்னாப்பிரிக்காவில் இதைவிட அப்பட்டமாக நடந்தது. நிறவெறி அரசு கறுப்பின மக்கள் மீது திணித்த அடையாளப் புத்தகத்துக்கு உடனடிப் படம் எடுக்க போலராய்டு கருவிகள் பயன்பட்டன. 1970இல் அந்த நிறுவனத்திலேயே வேலை பார்த்த கரோலின் ஹண்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள் அதைக் கண்டுபிடித்துப் போராட்டம் தொடங்கினார்கள். 1977இல் போலராய்டு அந்த நாட்டை விட்டு வெளியேறியது. ஒரு கேமரா எங்கே போகிறது, யாரைப் பிடிக்கிறது என்று கேட்பது உழைக்கும் மக்களின் அரசியல் கேள்வி என்பதற்கு இது நல்ல பாடம்.

கேமராவைத் திருப்பிப் பிடித்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ரயில் உணவுப் பெட்டியில் பரிமாறுபவராக இருந்த கார்டன் பார்க்ஸ், ஏழை விவசாயிகளின் படங்களை ஒரு பத்திரிகையில் பார்த்துவிட்டு, அடகுக் கடையில் ஒரு பழைய கேமராவை வாங்கினார். 1942இல் வாஷிங்டனில் ஓர் அரசு அலுவலகத்தைத் துடைத்துக் கூட்டிய எல்லா வாட்சன் என்ற பெண்மணியை, கையில் துடைப்பத்தோடு அமெரிக்கக் கொடியின் முன் நிறுத்தி எடுத்தார். இன்றுவரை அந்தப் படம் பேசிக்கொண்டிருக்கிறது. அடகுக் கடைக் கேமரா என்பதை மறந்துவிடாதீர்கள். விலைப் பேச்சு வரும்போது அது பயன்படும்.

நம் பக்கத்திலும் ஆட்கள் உண்டு. மதுரை ஜவஹர்லால்புரத்தைச் சேர்ந்த எம். பழனி குமார், திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களைத் தொடர்ந்து படம் எடுத்துவருபவர். பி. சாய்நாத் தொடங்கிய பாரி தளத்தின் புகைப்படக்காரர். 2022இல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்குத்தான் கிடைத்தது. மீன் விற்கும் தன் தாயை, விடியுமுன் கரிமேட்டு மீன் சந்தையின் விளக்கு வெளிச்சத்தில் அவர் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன், ஊரடங்குக் காலத்தில் தன் வீட்டையும் குடும்பத்தையும் எடுத்த படங்கள் உலகெங்கும் பேசப்பட்டன. மும்பையில் துப்புரவுத் தொழிலாளர்களைப் படம் எடுத்த சுதாரக் ஓல்வே 2016இல் பத்மஸ்ரீ பெற்றார். இவர்களின் படங்களில் நம் ஆட்கள் பரிதாபத்துக்குரிய பொருளாக இல்லை. பெயரோடும் உறவோடும் இருக்கிறார்கள்.

இருபத்தெட்டாயிரம் ரூபாய்

கேட்ட நான்கு பேரில் ஒரு தங்கையின் கதையை மட்டும் சொல்கிறேன். பரளச்சிக்குப் பக்கத்துக் கிராமம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அவள் கையில் இருந்தது 28,000 ரூபாய். பாதி, உதவித்தொகையில் மிச்சம் பிடித்தது. மீதி, கரிமூட்டத்தில் வேலை பார்க்கும் அவள் அம்மாவின் கூலி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மழை பொய்த்த காட்டிலெல்லாம் சீமைக் கருவேலம்தான். அதை வெட்டி, அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டு, நாள் கணக்கில் புகைய விட்டுப் பிரித்தெடுத்தால் கரி. வேகாத வெயிலில், நெருப்புக்குப் பக்கத்தில் நின்று பார்க்கும் வேலை.

அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "இத வச்சு என்னத்தா செய்வ?"

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் கேமரா வாங்கக் கூடாது என்பது என் கருத்து. எத்தனை மெகாபிக்சல் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. அவளிடம் ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன்: முதல் ஆறு மாதத்தில் எதை எடுப்பாய், எங்கே எடுப்பாய், எந்த நேரத்தில் எடுப்பாய்? அவள் எழுதியது மூன்று. தெருவில் உள்ள வயசாளிகளின் முகங்கள். வீட்டுக்குள்ளும் திண்ணையிலும் மாலை நேரத்தில் நடக்கும் வேலைகள். பெரியவர்கள் சொல்லும் பழைய கதைகள், வீடியோவாக. கரிமூட்டத்தை அவள் எழுதவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்த மூன்றும் எழுதியானதும் கேமரா தானாகவே பாதி முடிவாகிவிட்டது. மீதியை எங்கள் ஊர் முடிவு செய்தது.

முதலில் வெயில். பரளச்சி வெயிலில் கேமராவின் பின்புறத் திரையில் ஒன்றும் தெரியாது. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கட்டாயம் வேண்டும். நிக்கான் இசட் 30 போன்ற சில புதிய கேமராக்களில் அது கிடையாது. வீடியோ எடுக்க நல்ல கேமராதான், ஆனால் எங்கள் காட்டுக்கு ஆகாது.

இரண்டாவது தூசி. கரிசல் மண் தூசியும் கரித் தூசியும் சேர்ந்தால் கேமராவுக்குள் போகாத இடமில்லை. அடிக்கடி லென்ஸ் மாற்ற வேண்டிய ஏற்பாடு நமக்கு வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு லென்ஸ் என்று போட்டுக்கொண்டு போகும்படி இருக்க வேண்டும்.

மூன்றாவது இருட்டு. தொகுப்பு வீட்டின் உள்ளே பகலிலும் வெளிச்சம் குறைவு. கேமராவோடு தரும் 18-55 எம்எம் லென்ஸ் அங்கே திணறும். எஃப் 1.8 திறப்புள்ள ஒரு சாதாரண நிலைக்குவிய லென்ஸ், அதே 35 எம்எம் தூரத்தில் அதைவிட ஆறு மடங்குக்கும் மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். ஃபிளாஷ் அடிக்காமல் எடுக்கலாம். முகத்தில் ஃபிளாஷ் அடித்தால் நம் பாட்டிகள் கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள், அதோடு பேச்சும் போய்விடும்.

நான்காவது ஒலி. கதை பதிவு செய்ய வேண்டுமென்றால் தனி மைக் செருகும் துளை வேண்டும். இதை யாரும் கவனிப்பதில்லை. நிக்கான் டி3500, கேனான் 1500டி இரண்டும் புதிதாக வாங்கிய பலர் கையில் இருப்பவை. இரண்டிலும் அந்தத் துளை கிடையாது. அவற்றைவிடப் பழைய நிக்கான் டி3300இல் உண்டு, டி5300இல் உண்டு. புதிய மாடல் என்றால் எல்லாம் கூடுதலாக இருக்கும் என்று நம்பக் கூடாது.

ஐந்தாவது பேட்டரி. டி3300 ஒரு முறை ஏற்றினால் சுமார் 700 படம் வரும் என்பது நிறுவனத்தின் கணக்கு. தொடக்க நிலை மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் இதில் பாதிதான். காலையில் கிளம்பி இரவு திரும்பும் நமக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆக, 24 மெகாபிக்சல் உள்ள, 2014இல் வெளிவந்த நிக்கான் டி3300, பழையது. கூடவே 35 எம்எம் எஃப் 1.8 ஜி லென்ஸ், அதுவும் பழையது. இந்தக் கேமராவின் சென்சார் சிறியது என்பதால் 35 எம்எம் லென்ஸ் ஏறக்குறைய 52 எம்எம் போல வேலை செய்யும். மனிதக் கண் பார்க்கும் இயல்புக்கு நெருக்கம். ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: டி3300, டி3500, டி5300 ஆகியவற்றின் உடலில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. கடைக்காரர் மலிவாகத் தருகிறார் என்று 'டி' என்று முடியும் பழைய நிக்கான் லென்ஸை வாங்கிவிட்டால் ஆட்டோ ஃபோகஸ் நடக்காது. ஏஎஃப்-எஸ் என்று போட்டிருக்க வேண்டும். கேனானில் இந்தத் தொல்லை இல்லை. இஎஃப் லென்ஸ் எல்லாமே எல்லா இஓஎஸ் டிஎஸ்எல்ஆரிலும் ஃபோகஸ் ஆகும். அங்கே 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸ் மலிவு. ஆனால் அது 80 எம்எம் போல ஆகிவிடும். சின்ன வீட்டுக்குள் பின்னால் நகர இடம் இருக்காது.

எங்கள் கணக்கு இது: உடலும் 18-55 லென்ஸும் 15,500. 35 எம்எம் 8,000. மாற்று பேட்டரி 900. இரண்டு மெமரி கார்டு 900. பை 800. தூசி ஊதும் ரப்பர் பந்து 250. கார்டு ரீடர் 250. மொத்தம் 26,600. மீதி 1,400ஐ எடுத்து வைக்கச் சொன்னேன், பிரிண்ட் போட. விலை இடத்துக்கு இடம் மாறும். ஆனால் பிரிக்கும் முறை மாறக் கூடாது. முழுப் பணத்தையும் கேமரா உடலுக்குக் கொட்டிவிட்டு, லென்ஸுக்கும் கார்டுக்கும் பிரிண்டுக்கும் காசில்லாமல் உட்கார்ந்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாதத் தவணையில் ஒரு லட்ச ரூபாய்க் கேமரா வாங்கித் தருகிறோம் என்று எந்தக் கடை சொன்னாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கடையில் நிற்கும்போது

பழைய கேமரா வாங்க மதுரைக்குப் போனோம். பார்க்க வேண்டியவை இவை.

முதலாவது பில். வாங்குபவர் பெயரும் கேமராவின் வரிசை எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். லென்ஸுக்கும் அப்படியே. கையில் விலையுயர்ந்த கேமராவோடு ஒரு சேரிப் பையன் போனால், "எங்கடா அடிச்ச?" என்ற கேள்வி எங்கிருந்தாவது வரும். எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவரைச் சோதனைச் சாவடியில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தது இந்தக் கேள்விதான். அன்று அவரைக் காப்பாற்றியது போனில் இருந்த பில்லின் படம். பில் தர மறுக்கும் கடையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

இரண்டாவது, ஷட்டர் எண்ணிக்கை. இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பது நிக்கான் படக் கோப்புக்குள்ளேயே பதிவாகும். ஒரு படம் எடுத்து, கோப்பைக் கணினியில் திறந்து பார்க்கலாம். இந்த வகைக் கேமராக்களின் ஷட்டர் சுமார் ஒரு லட்சம் வரை தாங்கும் என்று கணக்கு. இருபதாயிரம், முப்பதாயிரம் என்றால் தைரியமாக வாங்கலாம்.

மூன்றாவது, சென்சார். திறப்பை எஃப் 16இல் வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் தூசி. தூசியைத் துடைக்கலாம். கோடு கோடாகத் தெரிந்தால் கீறல், வேண்டாம்.

நான்காவது, லென்ஸ். போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலத் தெரிந்தால் பூஞ்சை. எங்கள் ஊர் வறட்சியில் பூஞ்சை அதிகம் வராது. ஆனால் கடற்கரைப் பக்கம் இருந்து வந்த லென்ஸில் இருக்கலாம்.

ஐந்தாவது, பொத்தான்கள், கார்டு துளை, பேட்டரி மூடி, மைக் துளை, ஃபிளாஷ். ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் படட்டும். அந்தப் பணம் கரிப்புகையில் சம்பாதித்தது.

நம் நிறம்

ஒரு காலத்தில் கோடக் நிறுவனம் தன் வண்ணப் படச் சுருளைச் சரிபார்க்க ஒரு வெள்ளைப் பெண்ணின் படத்தை அளவுகோலாக வைத்திருந்தது. ஷெர்லி அட்டை என்று பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுப்புத் தோல் சேறு போல வந்தாலும் யாருக்கும் கவலையில்லை. சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று குறை சொன்ன பிறகுதான் மாற்றம் வந்தது. இன்று படச்சுருள் போய்விட்டது. ஆனால் போனில் 'பியூட்டி' என்ற பெயரில் நம் முகத்தை வெளுக்க வைக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

கேமராவின் வெளிச்ச அளவி, தன் முன்னால் இருப்பது எல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடும். கறுத்த முகத்துக்குப் பின்னால் வெள்ளை வானமோ வெள்ளைச் சுவரோ இருந்தால் முகம் கரிக்கட்டையாகிவிடும். அப்போது பிளஸ் மைனஸ் பொத்தானை அழுத்தி, பிளஸ் ஒன்று வையுங்கள். மாறாக முகம் மட்டும் சட்டகம் முழுவதும் இருந்தால், கேமரா அதை வெளுப்பாக்கப் பார்க்கும். அப்போது மைனஸ் பக்கம் கொஞ்சம் இறக்குங்கள். 'ரா' கோப்பில் எடுங்கள். டார்க்டேபிள், ராதெரபி போன்ற இலவச மென்பொருள்களில் பின்னால் சரிசெய்யலாம். எங்கள் ஊரில் காலை எட்டரை மணிக்கு மேல் மாலை நாலரை மணி வரை ஆளை வெயிலில் நிறுத்தாதீர்கள். வாசல் நிழலுக்குக் கூட்டி வாருங்கள். வேப்ப மரத்தடி நிழலில் நம் தோலின் நிறம் எத்தனை விதமாக இருக்கிறது என்பது அப்போது தெரியும்.

படம் சாட்சியாகும்போது

1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நடந்த பேரணியில் போலீஸ் தாக்கியது, 17 பேர் தாமிரபரணியில் மாண்டார்கள். அன்றைய காட்சிகளையும் சாட்சியங்களையும் கொண்டு ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த 'நதியின் மரணம்' ஆவணப்படம் இல்லாவிட்டால், உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு அந்த நாள் ஒரு வரிச் செய்தியாகத்தான் வந்து சேர்ந்திருக்கும். ஆகவே படம் சாட்சியாக நிற்பதற்கான ஒழுங்கை முதல் நாளே பழகுங்கள்.

கேமராவின் தேதியையும் நேரத்தையும் சரியாக வையுங்கள். சாட்சியாகக் கூடிய படம் உள்ள மெமரி கார்டை அழிக்காமல் உறையிலிட்டு, தேதி எழுதி வையுங்கள். நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, உள்ளே இருக்கும் நேர விவரம் போய்விடும். டாக்குமென்டாக அனுப்புங்கள். மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் சொன்னது. மூலக் கருவியையே அதன் உரிமையாளர் நீதிமன்றத்தில் வைத்துச் சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்றும் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63ஆவது பிரிவு இதைப் பேசுகிறது. கோப்பின் ஹாஷ் மதிப்பையும் சான்றிதழில் எழுத வேண்டும். சட்டம் படிக்கும் தோழர்கள் இதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழான வழக்கு நடவடிக்கைகள் வீடியோ பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. அது அரசின் கடமை. நம் கேமரா அதற்கு மாற்று அல்ல. அந்தக் கடமையைக் கேட்டு வாங்குவதும் நம் வேலை.

பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் முகத்தையோ வீட்டையோ அடையாளம் தெரியும்படி வெளியிடுவது குற்றம். குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. 'நீதிக்காக' என்று எழுதிப் பகிர்ந்தாலும் குற்றம்தான்.

எடுக்காமல் விட்ட படம்

அந்தத் தங்கை கரிமூட்டத்தை ஏன் எழுதவில்லை? அவள் அம்மா தடுத்துவிட்டார். "மூட்டத்துப் பக்கம் அதத் தூக்கிட்டு வந்துறாத. போட்டோ எடுத்தான்னு தெரிஞ்சா நாளைக்கு வேல குடுக்க மாட்டாக. எனக்கு மட்டுமில்ல, கூட வர்ற ஏழு பேருக்கும்." புகைக்கு நடுவில், மாலை வெளிச்சத்தில், கரி பூசிய முகத்தோடு நிற்கும் பெண்கள். எந்தப் போட்டிக்கு அனுப்பினாலும் பரிசு வாங்கும் படம் அது. வெளியிலிருந்து வரும் புகைப்படக்காரர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். மறுநாள் கூலி இழப்பது அவர் அல்ல.

அம்மா சொன்னதுதான் சரி என்று நான் அவளிடம் சொன்னேன். அந்த எட்டுப் பேரும் கூடிப் பேசி, 'எடு' என்று சொல்லும் நாள் வந்தால் எடுக்கலாம். வராவிட்டால் அந்தப் படம் இல்லாமலேயே இருக்கலாம். நம் சொந்த மக்கள் என்பதால் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று நினைக்காதீர்கள். நமக்குள்ளும் படிகள் இருக்கின்றன. தேவேந்திரர் தெருப் பிள்ளை அருந்ததியர் தெருவுக்குக் கேமராவோடு போனால், அங்கே அவர் வெளியாள்தான். அந்தத் தெருவில் ஒரு பிள்ளைக்குக் கேமராவைக் கையில் கொடுத்துப் பழக்குவது, நாமே போய் நூறு படம் எடுப்பதைவிட மேலானது.

அவள் வயசாளிகளிலிருந்து தொடங்கினாள். அதற்குக் காரணம் உண்டு. நம் தெருக்களில் இறந்துபோன பெரியவர்களின் மாலை போட்ட படங்களை உற்றுப் பாருங்கள். பெரும்பாலானவை வாக்காளர் அட்டையிலிருந்தோ ஆதாரிலிருந்தோ நூறு நாள் வேலை அட்டையிலிருந்தோ பெரிதாக்கியவை. அரசு தன் கணக்குக்காக எடுத்த முகம். மிரண்ட கண், இறுகிய வாய், பின்னால் திரைத் துணி, சிலவற்றில் முத்திரையின் விளிம்பும் தெரியும். ஒரு மனுசி எண்பது வருசம் வாழ்ந்ததற்கு வீட்டில் மிஞ்சும் முகம் அதுதான். சட்டகம் போட்டு மாட்டிய நல்ல படம் என்றால் அண்ணல் அம்பேத்கர் படம் ஒன்றுதான்.

நான்கு மாதத்தில் அவள் 31 பேரை எடுத்திருக்கிறாள். ஒவ்வொருவர் பெயரும் ஊரும் பார்த்த வேலையும் நோட்டில் எழுதியிருக்கிறாள். சிலர் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு பாட்டி, "ஆட்டோட எடு தாயி, அது இல்லாம நான் யாரு" என்று ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு தாத்தா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் பெயர் நோட்டில் இல்லை. பன்னிரண்டு படங்கள் இதுவரை பிரிண்ட் ஆகியிருக்கின்றன, எடுத்து வைத்த 1,400 ரூபாயில். பிரிண்ட் கொடுக்கப் போன ஒரு வீட்டில், இருந்த பழைய அட்டைப் படத்தைக் கழற்றி, ஆணி அதே இடத்தில் இருக்கட்டும் என்று இதை மாட்டினார்கள்.

அம்மா கேட்ட கேள்விக்கு இது முழுப் பதில் ஆகுமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அவரும் இன்னும் படத்துக்கு நிற்கவில்லை. "வேல முடிஞ்சு குளிச்சிட்டு வர்றேன், அப்ப எடு" என்று சொல்லியிருக்கிறார். அவர் குளித்து முடிக்கும்போது இருட்டிவிடுகிறது. அதற்குத்தான் அந்த எஃப் 1.8 லென்ஸ் என்று அவளும் காத்திருக்கிறாள்.

ஆகவே தங்கைகளே, தம்பிகளே, வாங்குவதற்கு முன் நோட்டில் எழுதுங்கள்: யாரை, எங்கே, எந்த வெளிச்சத்தில். பில் வாங்குங்கள். பிரிண்டுக்குக் காசு எடுத்து வையுங்கள். எடுத்தவர் கையில் படத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஜெய்பீம்.